மொட்டை மாடியில் காயவைத்த ரத்தம்

வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களே, பச்சையம்மாள் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவள். செஞ்சிக் கடைத்தெருவில் நான் நடந்து போனால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் வண்டியை நிறுத்தி, "இன்னா ஆயாம்மா, நல்லா இருக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அவர்களை எல்லாம் பிறந்த கோலத்தில் பார்த்தவள் நான். அதனால் யார் எவ்வளவு விறைப்பாக வந்து நின்றாலும் எனக்குப் பயம் வருவதில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது கற்பகம் சிஸ்டர். நான் பேசுகிற மாதிரியே எழுதிவிடாதே, அச்சுப் புத்தகத்தில் வருகிற மாதிரி கௌரவமாக எழுது என்று சொல்லியிருக்கிறேன். நான் கொடுக்கிற காபிக்கு அந்த அளவாவது செய்ய வேண்டாமா?

தரை துடைப்பது எப்படி, லோஷன் எத்தனை மூடி ஊற்றுவது என்பதை எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை வைத்துத்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைக்குக் குதிகாலில் சின்னதாக ஒரு குத்து குத்துவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருகிற ரத்தத்தை ஒரு தடித்த அட்டையில் உள்ள வட்டங்களில் சொட்டவிடுவார்கள். அட்டை காய்ந்த பிறகு கவரில் போட்டுச் சென்னை லேபுக்குக் கூரியரில் அனுப்புவார்கள். குழந்தைக்குத் தைராய்டு ஒழுங்காகச் சுரக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். டாக்டரம்மா இதைத் தொடங்கிய புதிதில், அட்டையைக் காயவைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்.

அட்டைக்கட்டோடு ஒரு தாளும் வந்தது. எப்படிக் காயவைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கற்பகம், "படிச்சுப் பாத்துக்கோங்க ஆயாம்மா" என்று நீட்டினாள்.

எனக்குப் பஸ் போர்டு படிக்க வரும். கையெழுத்துப் போட வரும். ரேஷன் கடைப் பலகையில் சர்க்கரை உண்டா இல்லையா என்று பார்க்க வரும். ஒரு தாள் முழுக்கப் பொடி எழுத்து என்றால் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். அதை நேற்று வந்த பெண்ணிடம் சொல்வேனா? தாளை வாங்கினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, ஓகோ என்று தலையை ஆட்டினேன். "படிச்சிட்டன்" என்று திருப்பிக் கொடுத்தேன். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

இதை எழுதும்போது கற்பகம் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். எழுதுடி என்றேன்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. நர்ஸ் ரூம் அலமாரித் தட்டில் அட்டைகளைப் பரப்பி வைப்பேன். மத்தியானத்துக்கு மேல் எடுத்துக் கவரில் போடுவேன். அது சரியான முறைதான், ஆனால் ஏன் சரி என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் சரியாகச் செய்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. அவசரம் என்று வரும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று புரியாது.

போகிக்கு முதல் நாள் அந்த அவசரம் வந்தது. காலையில் நாலு குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்து அப்போதுதான் அட்டைகளைப் பரப்பியிருந்தேன். மேனேஜர் வந்து நின்றார். வெயில் காலத்திலும் டை கட்டுகிற மனிதர்.

"ஆயா, கூரியர்காரன் இன்னிக்கு பன்னெண்டு மணிக்கே வரானாம். அத விட்டா பொங்கல் லீவு முடிஞ்சுதான்."

அட்டையெல்லாம் ஈரம். எனக்கு ஒரு யோசனை உதித்தது. நாலு அட்டையையும் தட்டில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர் டேங்க் பக்கத்தில் துண்டை விரித்து, அட்டைகளைப் பரப்பி, ஓரத்தில் செங்கல் துண்டு வைத்தேன். தை பிறக்கப் போகிற வெயில், சும்மா சுள்ளென்று அடித்தது. போய் அரை மணி கழித்து வந்து பார்த்தால் காற்றில் இரண்டு அட்டை புரண்டு மற்ற இரண்டின் மேல் ஒட்டியிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். அப்பளம் மாதிரி மொரமொரவென்று காய்ந்திருந்தது. எங்கள் செஞ்சி ராஜகிரிக் கோட்டையையே பிடித்துவிட்ட மாதிரி அவ்வளவு பெருமை எனக்கு. கவரில் போட்டுக் கூரியர்காரனிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பொங்கல் வைத்தேன்.

லீவு முடிந்ததும் லேபிலிருந்து போன் வந்தது. நாலு அட்டையும் கெட்டுப்போய்விட்டது, வெயிலில் வெந்திருக்கிறது, ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் ஒட்டியிருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்றார்கள்.

டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டார். "யாரு காயவெச்சது?"

"நாந்தான். அவசரத்துல மறந்துட்டன்" என்றேன். பாதி உண்மை.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். "ஆயா, இந்த நாலுல ஒரு குழந்தைக்குக் குறை இருந்தாகூட, ஒவ்வொரு நாளும் அதோட மூளைக்கு நஷ்டம். அப்புறம் என்ன வைத்தியம் பண்ணாலும் அந்த நாள் திரும்ப வராது" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். "மெஷின் ரிப்பேர்னு சொல்லி வரவைங்க. ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு பேரு இருக்குது."

மூன்று குழந்தைகள் போன் போட்டதும் வந்துவிட்டன. நாலாவது, சங்கீதா என்ற பெண்ணின் குழந்தை. எழுதிவைத்திருந்த நம்பர் அவள் புருஷனுடையது. அவன் லாரி டிரைவர், வடக்கே எங்கேயோ போயிருந்தான், லைன் கிடைக்கவில்லை. எழுதிவைத்திருந்த விலாசம் மண்டகப்பட்டில் உள்ள மாமியார் வீடு. மேனேஜர் அந்த விலாசத்துக்குத் தபால் போட்டுவிட்டேன் என்றார். தபால்! தலைப்பிரசவம் ஆன பெண் எந்த ஊரில் மாமியார் வீட்டில் இருப்பாள்? அம்மா வீட்டில்தானே இருப்பாள்? அதைக் கேட்டு எழுத நம் அட்மிஷன் ஃபாரத்தில் ஒரு இடம்கூட அப்போது கிடையாது.

எனக்குத் தாளில் இருப்பது மனசில் நிற்காது, ஆள் நிற்கும். மூன்றாம் நம்பர் கட்டில். அந்தப் பெண்ணின் நைனா, அதான் அப்பா, பேர் ஏழுமலை. தினமும் தூக்குவாளியில் இட்லி கொண்டுவருவான். வந்ததும் கிளம்பத் துடிப்பான். கேட்டதற்கு, "அனந்தபுரம் தாண்டி ரோட்டுல நெல்லு கொட்டியிருக்கிறன். பஸ்காரன் எதுனா பண்ணிடுவான்" என்றான். அது எனக்கு நினைவிருந்தது.

இன்னொன்றும் நினைவிருந்தது. அந்தக் குழந்தை அழாது. வார்டே அலறும்போது அது மட்டும் தூங்கும். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டும். "இதுதான்டி புள்ளை! எல்லாம் இதப் பாத்துக் கத்துக்குங்க" என்று மற்றக் குழந்தைகளுக்கு நான்தான் புத்தி சொன்னேன்.

இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வார்டில் அழுகிற குழந்தையைப் பார்க்கப் பத்துப் பேர் ஓடுவார்கள். அழாத குழந்தையை நீங்கள் போய்ப் பாருங்கள்.

ஏழுமலையைத் தேடிப் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார்.

"அனந்தபுரம் தாண்டி நெல்லு கொட்டியிருப்பாங்களே, அங்க."

"யம்மா, இந்த மாசத்துல ரோடு பூரா நெல்லுதான். நெல்லு கொட்டின எடம்னு நான் எப்படிமா டிக்கெட் கிழிக்கிறது?"

"கடைசி வரைக்கும் கிழி. நடுவுல நான் எறங்கிக்கிறன்."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு நெல் களத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது இடத்தில், காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு சிவப்புத் துண்டோடு நின்றான் ஏழுமலை. நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார். ஏழுமலை, பஸ் நெல் மேல் ஏறப்போகிறது என்று நினைத்து டிரைவரைத் திட்ட ஆரம்பித்தான். நடுவில் நான் இறங்கினேன்.

"அட, ஆஸ்பத்திரி அக்கா! இன்னா இந்தப் பக்கம்?"

"ஒம் பேத்தியப் பாக்க வந்தன்."

வீட்டுக்குக் கூட்டிப்போனான். வெளியிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவி, கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் பச்சைக் குழந்தையைப் பார்க்கலாம். எனக்கும் அதே சட்டம்தான். உட்கார்ந்தேன். சங்கீதா குழந்தையைக் கொண்டுவந்தாள். பிறந்து பதின்மூன்று நாள். உடம்பில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தொப்புள் கொஞ்சம் புடைத்திருந்தது. பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. தூக்கத்தில் ஒருமுறை முனகியது. கட்டின தொண்டையில் வருகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஒரு தொந்தரவும் இல்ல ஆயாம்மா. எம் மாமியாகூட சொல்லிட்டுப் போனாங்க, பொறுமைசாலிப் புள்ளைன்னு" என்றாள் சங்கீதா. மாமியார் வாயால் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டாக இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு.

நான் டாக்டர் இல்லை. எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்தப் பாதத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்கு வரணும். குதிகால்ல இன்னொரு தபா ரத்தம் எடுக்கணும்" என்றேன்.

ஏழுமலை தலையை ஆட்டினான். "முப்பது நாளு ஆவாம கொழந்தைய வாசப்படி தாண்ட வுடமாட்டோம்கா. அப்பால கூட்டியாறோம். ஆமா, மொதல்ல குத்தி எடுத்தீங்களே, அது இன்னா ஆச்சு?"

மேனேஜர் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனியில் இருந்தது. "மெஷினு..." என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. மெஷின் ரிப்பேர் என்றால், சரி, மெஷின் நல்லா ஆகட்டும், முப்பது நாள் முடிந்து வருகிறோம் என்பான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். குழந்தைக்குக் கோளாறு கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பயமுறுத்தினால் அலறிக்கொண்டு வருவான். ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்தான் நான் அந்த வீட்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்திருந்தேன்.

"நான் கெடுத்துட்டன் ஏழுமலை."

"கெடுத்துட்டீங்களா? எப்படி?"

"அட்டையைக் காயவைக்கணும். மொட்டை மாடியில, வெயில்ல போட்டுட்டன்."

"ரத்தத்தையா?"

"ரத்தத்ததான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அக்கா போய்விட்டது, மரியாதை போய்விட்டது. "வெத நெல்லையே உச்சி வெயில்ல போட்டா மொளைக்காது. சோத்துக்கு வெச்சிருக்கிற நெல்லே அதிகமா காஞ்சா மில்லுல நொய்யா ஒடையுது. நீ எங்கொழந்த ரத்தத்த எடுத்துட்டுப் போயி மாடியில காயப்போட்டியா? நீயெல்லாம் எந்த ஊருல பொறந்தவ? நெல்லையே பாத்ததில்லையா?"

எனக்கு மாமியார் இருந்தாள், நாத்தனார் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. சங்கீதா, "நைனா, வுடு நைனா" என்று குறுக்கே வந்தாள். அவ்வளவையும் பதிலுக்குத் திட்டாமல் வாங்கிக்கொண்டேன். அதுவும் என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

திட்டி முடித்துச் சொம்பில் தண்ணீர் குடித்தான். பிறகு குரல் இறங்கியது. "கொழந்த வெளிய வராது. அது வராதுன்னா வராதுதான். ஆனா கெடுத்தவ, நேரா வந்து கெடுத்தேன்னு சொல்ற. அந்த சிஸ்டர இங்க வரச்சொல்லு. எங்கண்ணு முன்னால எடுக்கட்டும்."

கற்பகத்துக்குப் போன் போட்டேன். மேனேஜரைக் கேட்க வேண்டுமே என்றாள். கேட்டால் நாளைக்கு ஆகும், டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வா என்றேன். முக்கால் மணியில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கால் கழுவி உட்காரச் சொன்னதற்கு வாட்சைப் பார்த்தாள். உட்காருடி என்றேன்.

ரத்தம் எடுத்த பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏழுமலை அட்டையை யாரையும் தொடவிடவில்லை. "இத எப்படி வெக்கணும்?" என்று கற்பகத்தைக் கேட்டான். அவள் சொன்னாள்: நிழலில், படுக்கைவாட்டில், ரத்தம் எதிலும் படாமல், மூன்று நாலு மணி நேரம். நானும் அன்றுதான் முதல்முதலாக முழுசாகக் கேட்டேன். இரண்டு டம்ளரைக் கவிழ்த்து, அட்டையைக் குறுக்கே பாலம் மாதிரி வைத்தான். கோழியை விரட்டினான். ஃபேனை நிறுத்தினான். ரோட்டில் கிடந்த நெல்லைப் பார்த்துக்கொள்ளச் சங்கீதாவின் அம்மாவை அனுப்பிவிட்டு, நாலு மணி நேரம் அட்டைக்குக் காவல் இருந்தான். நான் தும்மினதற்குக்கூட முறைத்தான்.

லேபிலிருந்து பதில் வந்தது. மற்ற மூன்று குழந்தைகளும் நன்றாக இருந்தன. சங்கீதாவின் குழந்தைக்குத்தான் குறை இருந்தது. டாக்டரம்மா மறுபடி ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதேதான். இந்த முறை ஏழுமலையே குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். முப்பது நாள் சட்டத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி வேலை செய்யல. இப்பவே மாத்திரை ஆரம்பிக்கணும். இல்லன்னா மூளை வளராது" என்றார் டாக்டரம்மா.

"கழுத்துல கோளாறுன்னா மூளைக்கு இன்னாம்மா?"

டாக்டரம்மா இங்கிலீஷில் தொடங்கினார். ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினான். "எனக்குத் தெரிஞ்சது நெல்லு. நெல்லுல சொல்லுங்க."

டாக்டரம்மாவும் நெல் விளைகிற வீட்டுப் பெண்தான். ஜெயின் நயினார் குடும்பம். அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பசியோடு இருக்கிற அவரிடம் நாங்கள் யாரும் வாய் கொடுக்க மாட்டோம். நல்ல வேளை, அது காலை நேரம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சுரப்பியிலருந்து வர்றது பெரும்பாலும் நெல்லு மாதிரி. அப்படியே திங்க முடியாது. அதுல நாலு அயோடின் ஒட்டியிருக்கும். ஒண்ணைக் கழட்டணும். உமி எடுக்கிற மாதிரி. அப்பத்தான் அரிசி. மூளை இருக்கே, அது வெளியில அரைச்ச அரிசிய அதிகம் வாங்காது. நெல்லாவே வாங்கி, உள்ள அரைச்சுக்கும்."

"சொந்தமா மில்லு வெச்சிருக்குதா?"

"ஆமா. நெல்லு வரத்து குறைஞ்சா மில்லை இன்னும் வேகமா ஓட்டும். அதிகமா வந்தா ஒதுக்கிக் கழிச்சிடும். அவ்வளவு சாமர்த்தியம். ஆனா நெல்லே வரலன்னா மில்லு என்ன பண்ணும்?"

ஏழுமலை யோசித்தான். "இத்தினி நாளு எப்படி ஓடிச்சு?"

"வயித்துல இருந்தப்ப சங்கீதா தொப்புள்கொடி வழியா அனுப்பினா. அந்தக் கையிருப்புதான். அது தீர்ந்துபோச்சு. இனிமே மாத்திரைதான் அந்த நெல்லு."

சங்கீதா குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். "அழலன்னு பெருமைப்பட்டனே" என்றாள். அந்தப் பெருமையை அவளுக்கு முதலில் கொடுத்தவள் நான்தானே. பேச்சை மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அந்த மில்லுல அரைக்கிறது யாரும்மா?"

"நல்ல கேள்வி ஆயா. மூளையில யோசிக்கிற செல்லு வேற. அதைச் சுத்தி நின்னு பாத்துக்கிற செல்லு வேற. முக்கியமா இந்தச் சுத்தி நிக்கிறதுதான் அரைச்சு அதுக்குக் குடுக்கும்."

"அப்ப அங்கயும் வார்டு ஆயாதான் வேல செய்யுது. பேரு வாங்கறது வேற ஆளு" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். வாசலில் நின்ற மேனேஜர் சிரிக்கவில்லை.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் பொடித்து, ஸ்பூனில் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வயது வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாது, அதற்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. "அக்கா, குடுத்தாச்சு." வைத்துவிட்டான். அதற்கு மறுநாளும் ஆறு மணி. "குடுத்தாச்சு." யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அலாரம் வாங்குகிற செலவு மிச்சம்.

கொஞ்ச வாரம் போனது. ஒரு நாள் காலை போனை எடுத்தேன். பேச்சு இல்லை. குழந்தையின் அழுகை மட்டும். கட்டின தொண்டை இல்லை, முனகல் இல்லை. தெருவையே எழுப்புகிற மாதிரி வீல் வீலென்று ஒரு கத்தல். ஏழுமலை போனை அதன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நானும் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

யாழினி என்று பேர் வைத்தார்கள். அன்று திறந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை. "இன்னா மருந்துக்கா குடுத்தீங்க, ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா ஒம்பது கேக்குது" என்று ஏழுமலை போனில் புலம்புவான். நெல்லுக்கு ஏன் மீசை இருக்கிறது, மாத்திரைக்கு ஏன் மீசை இல்லை என்று கேட்கிறாளாம். மூன்று வயதுக்குப் பிறகும் அவளுக்கு மாத்திரை தேவைப்பட்டது. அதனால் என்ன, பல் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒன்று.

எனக்கு முட்டி தேய்ந்து, நான் வேலையை விட்டு நின்ற அன்று காலையில் யாழினி ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. ரத்தம் எடுத்த பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு, என் பின்னாலேயே நர்ஸ் ரூமுக்குள் நுழைந்தாள். யாரும் இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம், அட்டைக்கட்டோடு வந்த அந்தத் தாள் ஒட்டியிருந்தது. பழுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷம் தினமும் அதன் முன்னால் நின்றிருக்கிறேன்.

"ஏ, இத படி பாக்கலாம்" என்றேன்.

குதிகாலை உயர்த்தி நின்றாள். விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தாள். "ரத்த... அட்டையை... வெயிலில்... காயவைக்கக்... கூடாது." முதல் வரியே அதுதான். படித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் ஆயாம்மா, ஒனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியாதுடி" என்றேன்.

அந்தக் கட்டடத்துக்குள் அந்த வார்த்தையை நான் முதல்முதலாகச் சொன்னது அன்றுதான். அவள் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, அடுத்த வரி படிக்கிறன், ஒழுங்கா கேளு" என்று விரலைக் கீழே இறக்கினாள்.